இரு கரைகளை இணைத்தவர்

நுழையும்முன்

குமரித்துறையிலிருந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்தை விளித்துப் பாடினார் சங்கப் புலவர் பிசிராந்தையார். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரோ வடதிசைக்கு ஏகும் நாரையைத் தம் இல்லத்திற்குத் தூது விடுத்தார். பறவைகள் பருவந்தோறும் வலசை போகின்றன என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். ஆயினும் அவை எங்கே சென்று கூடு கட்டுகின்றன, எத்தனை குஞ்சுகள் பொரிக்கின்றன, எந்த வழியாகத் திரும்புகின்றன என்னும் வினாக்களுக்கு விடை காணக் கவிதையுடன் அறிவியலும் வேண்டியிருந்தது. அவ்விடையைத் தேடித் தம் வாழ்நாள் முழுவதும் நடந்தவர் சாலிம் அலி. உறைபனி சூழ்ந்த துருவக் கடற்கரையும் தமிழகத்தின் உப்பளக் கரையும் ஒரே பறவையின் இரு வீடுகள் என்பதை உணர்த்திய அப்பெருமகனாரின் வாழ்வை அறிவோம்.

இளமையும் முதல் வினாவும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியான அவர், பேசத் தொடங்கும் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் மனைவி ஹமீதா பேகமும் பெற்றோரை இழந்த குழந்தைகளை அரவணைத்து வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். அவ்வீட்டில் வளர்ந்த சிறுவனும் காற்றுத் துப்பாக்கியால் சிட்டுகளைக் குறிபார்ப்பதில் பொழுதைக் கழித்தான். ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு காணப்பட்டது. வீட்டுக் கூரையில் நாளும் காணும் சிட்டுக்கு அத்தகைய நிறம் இல்லை. இஃது என்ன பறவை என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராக விளங்கிய டபிள்யூ.எஸ். மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார்.

அச்சத்துடன் சென்ற சிறுவனை மில்லார்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்பதை விளக்கினார். கழகத்தின் பேழைகளில் பாதுகாக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். பறவையை வீழ்த்துவதில் இருந்த ஆர்வம் மெல்ல மெல்லப் பறவையை அறிவதில் நிலைகொண்டது.

கல்லூரிக் கல்வி அவருக்கு எளிதாக அமையவில்லை. இடையில் படிப்பை நிறுத்திவிட்டுப் பர்மாவின் தவோய் பகுதிக்குச் சென்று குடும்பத்தினரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். தொழிலைக் காட்டிலும் அங்கிருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917இல் தாயகம் திரும்பி, வணிகமும் கணக்கியலும் பயிலத் தொடங்கினார். அவருடைய உள்ளம் எதில் தோய்ந்துள்ளது என்பதைக் கண்டறிந்த தூய சேவியர் கல்லூரியின் அருட்தந்தை பிளாட்டர், விலங்கியலையும் உடன் பயிலத் தூண்டினார். 1918இல் தெமினா அம்மையாரை மணந்தார். கணவரின் நாட்டத்தைத் தம் நாட்டமாகவே ஏற்ற அம்மையார், பின்னாளில் காடுமேடெங்கும் அவருடன் பயணித்தார்.

கடல்தீவில் கற்ற கலை

1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவின் விளக்கவுரையாளராகச் சாலிம் அலி பணியேற்றார். இறந்த பறவைகளைக் காட்டி விளக்குவதோடு நின்றுவிட அவர் மனம் இசையவில்லை. முறையான பயிற்சியை நாடி, 1929இல் செருமனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்திரெசெமன் என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

வடகடலில் ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவு உள்ளது. அதன் செங்குத்தான செம்பாறைகளில் கடற்பறவைகள் திரள்திரளாகக் கூடி முட்டையிடும். வலசை போகும் பறவைகள் அத்தீவில் இறங்கி இளைப்பாறும். அங்கிருந்த பறவை ஆய்வு நிலையத்தில் பறவைகளுக்குக் காயம் நேராதபடி பிடித்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டி, எடையும் சிறகின் நீளமும் குறித்துக்கொண்டு மீண்டும் பறக்கவிடும் முறையைச் சாலிம் அலி நேரில் கற்றார்.

வளையமிடும் இம்முறையை 1899இல் தென்மார்க்கு நாட்டின் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் ஒழுங்குபடுத்தினார். வளையத்தில் பொறித்த எண் அப்பறவைக்குரிய பெயர் போன்றது. அதே பறவை வேறொரு நாட்டில் மீண்டும் கிடைக்குமாயின், அது புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் இடைப்பட்ட காலமும் ஐயமின்றித் தெரியவரும். ஓர் உயிரை அழிக்காமலேயே அதன் வாழ்க்கை வரலாற்றை அறியும் வழி இது. துப்பாக்கியுடன் பறவைகளை நாடத் தொடங்கிய ஒருவரின் வாழ்வில் இந்தச் சிறு வளையம் பெரும் திருப்பத்தை உண்டாக்கிற்று.

தூக்கணாங்குருவி தந்த பாடம்

1930இல் தாயகம் திரும்பியவருக்கு அருங்காட்சியகத்தில் பணி கிடைக்கவில்லை. வருவாய் இன்றி நகரில் வாழ இயலாத நிலையில், பம்பாய்க்குத் தெற்கேயுள்ள கிகீம் என்னும் கடலோரச் சிற்றூரில் துணைவியாருடன் குடியேறினார். வீட்டருகே இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. ஏணியின்மேல் மறைவிடம் அமைத்துக்கொண்டு மழைக்காலம் முழுவதும் அவற்றைக் கூர்ந்து நோக்கினார்.

ஆண் குருவிகளே கூடு பின்னுகின்றன. பாதி முடிந்த கூடுகளைப் பெண் குருவிகள் வந்து பார்வையிட்டுத் தமக்கு உகந்ததைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு பெண் குருவி குடிபுகுந்த பின்னர், ஆண் குருவி அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்கி வேறொரு துணையை எதிர்நோக்குகின்றது. இந்த உண்மைகளை நாள்தோறும் குறித்து வைத்து வெளியிட்ட கட்டுரை அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. வேலையில்லாத காலம் வீண்காலம் ஆகாமல் அவரைக் காத்தது இந்தக் குறிப்பேடே. பறவையை அறிய வேண்டுமெனில் அதன் கூட்டை அறிய வேண்டும். கூட்டை அறிய வேண்டுமெனில் அங்கேயே காத்திருக்க வேண்டும் என்பது அவர் அங்குக் கற்ற பாடம்.

நாடு முழுவதும் நடந்த கால்கள்

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு முழுமையான பதிவு இல்லை. சாலிம் அலி ஒரு திட்டத்தை முன்வைத்தார். பயணச் செலவையும் முகாம் செலவையும் ஏற்றுக்கொண்டால், ஊதியம் இன்றியே பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சமஸ்தானங்களுக்குத் தெரிவித்தார். ஐதராபாத்து சமஸ்தானம் முதலில் இசைந்தது. திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் முதலியவை தொடர்ந்தன. மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் கால்நடையாகவும் அவர் பயணம் தொடர்ந்தது. முகாமின் நிர்வாகம் முழுவதையும் தெமினா அம்மையார் ஏற்றுக்கொண்டார்.

1939இல் சிறிய அறுவை மருத்துவம் ஒன்றை அடுத்து அம்மையார் காலமானார். ஈடுசெய்ய இயலாத அத்துயரைச் சாலிம் அலி பணியிலேயே ஆற்றிக்கொண்டார். 1939-40இல் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை ஆய்ந்தார். அந்தச் சமஸ்தானத்தின் கிழக்கெல்லை அன்றைய சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தைத் தொட்டு நின்றது. அரசுகள் வரைந்த எல்லைக்கோடு பறவைகளுக்கு இல்லை. ஒரு கரையில் இரைதேடி மறு கரையில் இரவைக் கழிக்கும் நீர்ப்பறவைகளுக்கு மேட்டுநிலத்து ஏரிகள் அனைத்தும் ஒரே நாடு.

1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூல், பொதுமக்களையும் மாணவர்களையும் பறவை நோக்கர்களாக்கியது.

பூநாரை நகரம்

குசராத்தின் கட்சு பாலைநிலத்தில் மழைநீர் தேங்கும் உவர்ச் சதுப்பு ஒன்று உண்டு. அங்குப் பூநாரைகள் இலட்சக்கணக்கில் கூடிச் சேற்றுமண்ணைக் குவித்துச் சிறு மேடைகளாகக் கூடு எழுப்பும். மனிதர் எளிதில் நெருங்க இயலாத அவ்விடத்திற்கு 1945இல் சாலிம் அலி சென்றார். திரண்டிருந்த கூட்டத்தின் பேரெழிலைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், கூடுகளைக் கணக்கிடவும் முற்பட்டார். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கூடுகள் அங்கிருந்தன என்று அவர் மதிப்பிட்டார்.

எண்ணிக்கை ஏன் இன்றியமையாதது? பறவை இனம் ஒன்று தழைக்கின்றதா, தேய்கின்றதா என்பதைக் கூட்டத்தின் தோற்றத்தைக் கொண்டு கூற இயலாது. ஐந்து இலட்சம் பறவைகளும் மூன்று இலட்சம் பறவைகளும் கண்ணுக்குக் கடல்போலவே தோன்றும். ஆண்டுதோறும் முறையாக எண்ணிப் பதிந்தால்தான் குறைவு புலப்படும். குறைவு புலப்பட்டால்தான் காரணம் தேடப்படும். துருவக் கரைகளில் கூடும் கடற்பறவைகளுக்கும் இதே நெறி பொருந்தும். இன்று அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயின் கூட்டங்களை, பனியின்மேல் படியும் எச்சத்தின் கறையைக் கொண்டு செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் காண்கின்றனர். கருவிகள் மாறியுள்ளன, எண்ணிப் பதிய வேண்டும் என்னும் கடமை மாறவில்லை.

நோயும் பறவையும்

1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் மடிந்தன; மக்களையும் கடுங்காய்ச்சல் தாக்கியது. உண்ணிகளால் பரவும் அந்நோயின் நச்சுயிரி, உருசிய நாட்டில் காணப்பட்ட நச்சுயிரிகளோடு உறவுடையதாக இருந்தது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. பறவைகள்மீது பழி சுமத்தவும் கூடாது. மக்களின் உயிரைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் கூடாது. ஆய்ந்து அறிவதே வழியாக இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடும் பணியை மேற்கொண்டது. சாலிம் அலி அதற்குத் தலைமை தாங்கினார். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடிப்பதில் தேர்ந்த பீகாரின் மீர்ஷிகார் மக்கள் முகாம்களில் பணியமர்த்தப்பட்டனர். சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள் அறிவியலுக்காகப் பறவை பிடித்துப் பறக்கவிடும் கைகளாயின. இந்தியாவில் வளையமிடப்பட்ட வாத்துகள் சைபீரியாவில் மீட்கப்பட்டன. வலசைப் பாதைகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. அந்த நோய் உள்ளூர்க் காட்டிலேயே உண்ணிகளிடத்தும் சிறு விலங்குகளிடத்தும் நிலைத்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஓர் ஐயத்தைத் தீர்க்கத் தொடங்கிய பணி, பறவைகளின் உலக வரைபடத்தையே வரையத் தொடங்கியது.

துருவக் கரையின் கூடுகள்

அவ்வரைபடத்தின் வடமுனையில் இருப்பது ஆர்க்டிக் கடற்கரை. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் அந்நிலத்தில் சூன், சூலை மாதங்களில் சூரியன் மறையாமல் ஒளி வீசும். பனி உருகி நீர் தேங்கும். பூச்சிகள் கோடிக்கணக்கில் தோன்றும். உணவு மிகுந்த அச்சிறு கோடையை நாடியே பறவைகள் அங்குச் செல்கின்றன. பாறை விளிம்பில் ஒற்றை முட்டை இடுபவை சில. தரையில் சிறு பள்ளம் பறித்து இடுபவை சில. மண்வளைக்குள் இடுபவை சில. மரமே இல்லாத அந்நாட்டில் கூடு என்பது பெரும்பாலும் தரையே.

நம் கடற்கரைக்கு வரும் உள்ளான்களுள் அலகு நுனி கீழ்நோக்கி வளைந்த ஒருவகை உண்டு. ஏறத்தாழ அறுபது கிராம் எடையே உடைய அப்பறவை, வடசைபீரியாவின் தைமீர் தீவக்குறை முதலிய ஆர்க்டிக் கரைகளில் பாசிபடர்ந்த தரையில் கூடமைத்துப் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். ஆண் பறவை விரைவிலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். பெண் பறவை தனித்தே அடைகாத்துக் குஞ்சுகளை வழிநடத்தும். பின்னர் அதுவும் சென்றுவிடும். வழிகாட்டுவோர் எவருமின்றி இளம்பறவைகள் இறுதியாகப் புறப்படும். தைமீரிலிருந்து தமிழகக் கரை வரையிலான தொலைவு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அக்கூடுகளின் வெற்றி ஒரு சிறு கொறிவிலங்கைச் சார்ந்துள்ளது. லெம்மிங் என்னும் அவ்விலங்கு சில ஆண்டுகளில் பெருகும். சில ஆண்டுகளில் அருகும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிகளும் ஸ்குவாப் பறவைகளும் அவற்றையே தின்று வயிறு நிரப்பும். உள்ளானின் முட்டைகள் தப்பும். அருகிய ஆண்டில் அந்தப் பசி முட்டைகள்மீதும் குஞ்சுகள்மீதும் திரும்பும். ஆகவே குளிர்காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் இளம்பறவைகளின் விகிதத்தைக் கணக்கிட்டால், எட்டாத் தொலைவிலுள்ள துருவக் கரையில் அவ்வாண்டு எத்தனை கூடுகள் பிழைத்தன என்பதை ஓரளவு உய்த்துணரலாம். தமிழகத்துச் சேற்றில் நின்றுகொண்டே ஆர்க்டிக் கோடையைப் படிக்க இயலும் என்பது எத்துணை வியப்புக்குரியது!

கோடியக்கரை

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையில் கோடியக்கரை அமைந்துள்ளது. ஒருபுறம் உலர் பசுங்காடு. மறுபுறம் வேதாரணியத்தின் சதுப்பும் உப்பளங்களும். 1962இல் இப்பகுதியின் அருமையைச் சாலிம் அலி அடையாளம் கண்டார். 1967இல் தமிழக அரசு இதனைச் சரணாலயமாக அறிவித்தது. 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இஃது இடம்பெற்றது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு வளையமிடும் முகாம்களை நடத்தியது. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, வளையத்துடன் விடுவிக்கப்பட்டன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இளைத்து வந்திறங்கும் பறவை சாம்பல் நிறத்தில் இருக்கும். சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு நத்தைகளையும் தின்று அது மெல்லத் தேறும். ஏப்ரலில் உடல் முழுவதும் செம்பழுப்பு நிறம் படர, தோலுக்கடியில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு வடக்கே புறப்படும். அந்தக் கொழுப்பே நெடும் பயணத்திற்கான கட்டுச்சோறு. சேறு நஞ்சானால் புழு இல்லை; புழு இல்லையேல் கொழுப்பு இல்லை; கொழுப்பு இல்லையேல் ஆர்க்டிக் தரையில் முட்டை இல்லை. கூட்டைக் காக்க வேண்டியவர் கூடு இருக்கும் நாட்டினர் மட்டும் அல்லர் என்பதைக் கோடியக்கரை உணர்த்துகின்றது.

பறவைக் களஞ்சியம்

எழுபது வயதைக் கடந்த பின்னரே சாலிம் அலியின் மாபெரும் நூல் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்க அறிஞர் தில்லான் ரிப்ளியுடன் இணைந்து அவர் உருவாக்கிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய கையேடு பத்துத் தொகுதிகளாக 1974இல் நிறைவுற்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் ஒவ்வொரு பறவைக்கும் உருவம், பரவல், கூடு, முட்டை, இரை, வலசை ஆகியவை அதில் முறைப்படுத்தப்பட்டுள்ளன.

நிலப்பறவைகள் மட்டுமன்றிக் கடற்பறவைகளும் அந்நூலில் இடம்பெற்றன. வில்சன் புயற்பறவை அவற்றுள் ஒன்று. சிட்டினும் சற்றே பெரிய அக்கருநிறப் பறவை, அண்டார்க்டிகாவின் கரையோரப் பாறை இடுக்குகளில் ஒற்றை முட்டையிடும். பகைப்பறவைகளுக்கு அஞ்சி இருளிலேயே கூட்டுக்குத் திரும்பும். பெரும் பனிப்பொழிவில் இடுக்கின் வாய் அடைபட்டால் உள்ளிருக்கும் குஞ்சு மடியும். தென்துருவத்தில் குளிர் தொடங்கியதும் அது வடக்கே பறந்து, இந்தியப் பெருங்கடலிலும் நம் நாட்டுக் கரைக்கு அப்பாலும் அலைமேல் கால் பதித்தாற்போல் இரைதேடும். வடதுருவக் கரையும் தென்துருவக் கரையும் நம் கடலோடு உறவுடையவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1982 சனவரியில் இந்தியாவின் முதல் ஆய்வுக்குழு அண்டார்க்டிகாவில் கால்பதித்தது. பென்குயின்களையும் கடற்பறவைகளையும் கணக்கெடுக்கும் பணி இன்று இந்திய ஆய்வாளர்களின் பொறுப்புகளுள் ஒன்றாகியுள்ளது.

தென்பெண்ணைக் கரையில்

கடற்கரைக்குத் தொலைவிலுள்ள மாவட்டத்தார்க்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று வினவலாம். கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பெருநகரின் புறப்பகுதியைக் கடந்து ஓசூரை ஒட்டித் தமிழகத்தினுள் நுழைகின்றது. கெலவரப்பள்ளி அணையிலும் கிருட்டிணகிரி அணையிலும் தேங்கி, சாத்தனூர் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கின்றது. குளிர்காலத்தில் வாலாட்டிகளும் உள்ளான்களும் வாத்துகளும் இந்தப் பீடபூமியின் நீர்நிலைகளில் இறங்கி இரைதேடுகின்றன. இமயத்திற்கு அப்பாலிருந்து வருபவை அவற்றுள் பல.

தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வெல்லைப்புறம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றது. அதே வேளையில், நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்த நீர் கெலவரப்பள்ளி அணையில் நுரைபொங்கி வழிவதை நாளிதழ்கள் பன்முறை பதிவு செய்துள்ளன. அந்நீரையே உழவர் பாசனத்திற்கு நம்பியுள்ளனர். ஆற்றில் சேரும் நஞ்சு மாநில எல்லையில் நிற்பதில்லை. கழிமுகத்துச் சேற்றையும் சென்று தொடும். அச்சேற்றில் இரைதேடும் பறவை ஆர்க்டிக் கரையில் முட்டையிட வேண்டியது. ஓசூரின் ஆற்றுநீரும் தைமீரின் கூடும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். தொழிலும் வேண்டும், தூய நீரும் வேண்டும் என்பதே இங்குள்ளோரின் தேவை. கழிவைத் தூய்மை செய்த பின்னரே ஆற்றில் விட வேண்டும் என்னும் சட்டம் மனிதனுக்காக இயற்றப்பட்டது. அதனால் பயன்பெறுவோர் பட்டியலில் பேசாத பறவைகளும் உள்ளன.

நிறைவு

விடுதலைக்குப் பின்னர்ப் பொருளின்றித் தளர்ந்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குப் பிரதமர் நேருவிடம் முறையிட்டு உதவி பெற்றுத்தந்தவர் சாலிம் அலி. பரத்பூரின் நீர்ப்பறவைப் புகலிடத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கக் குரல் கொடுத்தார். 1958இல் பத்மபூசண், 1976இல் பத்மவிபூசண் விருதுகள் அவரை நாடிவந்தன. 1976இல் கிடைத்த பால் கெட்டி பன்னாட்டுப் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியமாக மாற்றினார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 1990இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற செல்வம் நூல்களிலும் விருதுகளிலும் மட்டும் இல்லை. கண்டதைக் கண்டவாறு, கண்ட நாளிலேயே எழுதிவைக்கும் ஒழுக்கமே அவர்தம் உண்மையான கொடை. பறவைகள் குறைகின்றன என்று வருந்துவோர் பலர். எவ்வளவு குறைந்துள்ளன என்று கூறுவதற்கு, முன்னர் எவ்வளவு இருந்தன என்பதை எழுதிவைத்த ஒருவர் வேண்டும். மத்திய ஆசிய வலசைப் பாதை ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை முப்பது நாடுகளைக் கடந்து செல்கின்றது. அப்பாதையின் தென்முனையில் வாழும் நாம் எழுதிவைக்கும் எண்ணிக்கை, வடமுனையின் கூடுகளுக்குக் காவலாகும். பெரிய கருவிகள் இல்லாவிடினும், ஒரு குறிப்பேடும் பொறுமையும் உடைய எவரும் அக்காவலில் பங்கேற்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது அணைக்கு அக்டோபர் முதல் மார்ச்சு வரை மாதம் ஒருமுறை ஆசிரியருடன் சென்று, காணும் நீர்ப்பறவைகளை எண்ணி அட்டவணைப்படுத்துக.

2. தென்பெண்ணை தோன்றுமிடம் முதல் கடலில் கலக்குமிடம் வரை வரைபடம் வரைந்து, இடையிலுள்ள அணைகளையும் ஊர்களையும் குறிக்க.

3. பறவைகளின் பழைய தமிழ்ப் பெயர்களையும் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் பெயர்களையும் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.